அச்சும் கவசமும்: இடைக்காலப் படைவீரர் சிற்றுருவங்களின் வரலாறு

ஐரோப்பிய இடைக்காலத்தின் பிற்பகுதி, அதாவது ஏறத்தாழ 1350 முதல் 1500 வரையிலான காலம், உடல் முழுவதையும் மூடும் எஃகுத் தகட்டுக் கவசம் முழுவளர்ச்சி பெற்ற காலமாகும். அக்காலப் படைவீரரை விரல் நீள உருவங்களாக வடித்து, மேசைமீது அணிவகுத்து, பகடையும் அளவுநாடாவும் கொண்டு பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் போர்விளையாட்டு, இருபதாம் நூற்றாண்டில் தனக்கென ஒரு நுண்ணிய கைத்தொழிலை உருவாக்கிக்கொண்டது. அத்தொழிலின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், எந்த வடிவம் அச்சிலிருந்து உடையாமல் வெளிவரும், எந்தக் கவசத்துக்கு நேரடிச் சான்று உண்டு என்னும் இரண்டு கேள்விகளே ஒவ்வொரு தலைமுறைச் சிற்பியின் கையையும் வழிநடத்தி வந்துள்ளமை புலப்படும்.

இதன் தொடக்கம் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அமைந்தது. கோபர்க்கில் பிறந்து அங்குக் குடியேறிய யோகான் கோட்ஃபிரீட் ஹில்பெர்ட், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் படைவீரரைத் தட்டையான வெள்ளீய உருவங்களாக வார்த்து விற்றார். 1839இல் அதே நகரில் பட்டறை தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், பின்னர் நியூரம்பெர்க் அளவு என்றே பெயர் பெற்ற 30 மில்லிமீட்டர் உயரத்தை நிலைநிறுத்தியதால், வெவ்வேறு பட்டறைகளின் உருவங்களை ஒரே அணியில் நிறுத்த முடிந்தது. இரண்டு சிலேட்டுக் கற்களின் முகங்களை வழவழப்பாகத் தேய்த்து, உருவத்தின் ஒரு பக்கத்தை ஒரு கல்லிலும் மறுபக்கத்தை மற்றதிலும் பள்ளமாகச் செதுக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து உருக்கிய உலோகத்தை ஊற்றுவது அக்கால முறை. இதில் உண்மையான கலைஞர் வார்ப்பவர் அல்லர். மேடாக வரவேண்டிய ஒவ்வொன்றையும் பள்ளமாகக் கற்பனை செய்து கல்லில் வெட்டியவரே கலைஞர். ஆயினும் கல் வளைந்துகொடுக்காது என்பதால் உருவம் தட்டையாகவே இருந்தது. வீரன் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நின்றான்.

1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம், உலோகக் கலவையை அச்சில் ஊற்றி, வெளித்தோல் இறுகியதும் நடுவில் உருகிய நிலையில் எஞ்சியதைக் கவிழ்த்து வெளியேற்றும் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கையாண்டு, எல்லாப் பக்கமும் திரண்ட 54 மில்லிமீட்டர் உருவங்களை மலிவாக விற்கத் தொடங்கியது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் தம் வீட்டுப் போர்விளையாட்டின் விதிகளை நூலாக்கியபோது அவர் மனத்தில் இருந்தவை இத்தகைய பொம்மைகளே. இடைக்காலத்தைப் பொறுத்தவரை இந்நிறுவனத்தின் சிறந்த காலம் 1950களில்தான் வந்தது. ராய் செல்வின்-ஸ்மித் என்னும் சிற்பி வடித்த அஜின்கோர்ட் வீரர்கள், 1415ஆம் ஆண்டுப் போரின் குதிரைவீரர்களை அதுவரை பொம்மைக் கடைகள் காணாத நுட்பத்துடன் காட்டினர். அவரே வடிவமைத்த, ஸ்வாப்பெட் எனப்பட்ட பிளாஸ்டிக் வீரர்கள் அடுத்து வந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டு வீரர்களின் தலை, இடுப்பு, ஆயுதம் ஆகியவற்றைக் கழற்றி வேறோர் உருவத்துக்கு மாற்றலாம், முகமூடியைத் தூக்கலாம், வாளை உறையிலிருந்து உருவலாம். சிறுவர்க்கான பொருள் என்று கருதப்பட்டதால் இவ்வுருவங்கள் உரிய மதிப்பைப் பெறவில்லை. பிற்காலத்தில் பெரியவர்கள் பொருத்திய பலபகுதி உருவங்களின் கருத்து இவற்றிலேயே முழுமையாக அடங்கியிருந்தது.

பெரியவர்களின் போர்விளையாட்டு அமைப்பு பெற்றதும் அதே காலத்தில்தான். கலிஃபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி 1950களில் ரப்பர் அச்சுகளைப் பயன்படுத்திச் சிற்றுருவங்களை வார்த்ததோடு, 1957இல் இதற்கென ஓர் இதழையும் தொடங்கினார். இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் வெளியிட்ட நூல் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் விதிநூல் இடைக்காலப் போருக்கே உரியது; ஓர் உருவம் இருபது வீரரைக் குறிக்கும் என்பது அதன் கணக்கு. அந்நூலின் பின்னிணைப்பாக வந்த கற்பனைப் பகுதியிலிருந்தே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற விளையாட்டு 1974இல் கிளைத்தது.

ஒரு சிற்றுருவம் உருவாகும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். மெல்லிய கம்பியை வளைத்து எலும்புக்கூடு அமைத்து, அதன்மேல் எப்பாக்சிக் களிம்பை அப்பி மூலப்படிவம் செய்யப்படுகிறது. குழாய் ஒழுகலை அடைக்கும் எம்சீலைப் போலவே மஞ்சள், நீலம் ஆகிய இரு நாடாக்களைப் பிசைந்தால் பச்சையாக மாறி, சில மணி நேரத்தில் இறுகிவிடும் களிம்பு அது. சிற்பி முதலில் ஆடையற்ற உடலை வடித்து இறுகவிட்டு, அதன்மேல் பஞ்சு தைத்த மெத்தைச் சட்டை, அதன்மேல் மார்புக்கவசம், அதன்மேல் வார் என்று, உண்மை வீரன் உடுத்திய அதே வரிசையில் அடுக்கிச் செல்கிறார். வட்டமான ரப்பர்த் தகடுகள் இரண்டுக்கிடையே மூலப்படிவங்களை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்கி, அச்சைச் சுழற்றியபடி உலோகத்தை ஊற்றினால், சுழல்விசை அதை விளிம்பு வரை தள்ளிச் செல்லும். ரப்பர் சிறிது வளைந்துகொடுக்கும் என்றாலும், அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் தளத்தை விட்டுக் கை வெகுதூரம் நீள முடியாது. பழைய உலோக வீரர்கள் ஆயுதத்தை முன்னோக்கி நீட்டாமல் உடலுக்கு ஒட்டியே பிடித்திருப்பதன் காரணம் இதுவே. உண்மை வாளின் அலகு 5 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டு அதை அறுபதில் ஒரு பங்காகக் குறைத்தால் 0.1 மில்லிமீட்டர்கூட எஞ்சாது என்பதால், வாளும் கையும் தலையும் வேண்டுமென்றே பெரிதாக்கப்பட்டன.

அச்சு விதித்த எல்லைக்குள் நின்ற சிற்பி, அடுத்துச் சான்றைத் தேட வேண்டியிருந்தது. ஓவியங்களும் கல்லறைச் சிலைகளும் கவசத்தின் முன்புறத்தையே பெரும்பாலும் காட்டுகின்றன. முழுவுருவம் செய்பவரோ முதுகையும் வடித்தாக வேண்டும். இவ்வகையில் வாரிக் நகரின் புனித மேரி தேவாலயத்திலுள்ள ரிச்சர்ட் பீச்சம்ப் பிரபுவின் சிலை ஈடிணையற்றது. 1439இல் மறைந்த அவருக்காக 1450களில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் செய்யப்பட்ட அச்சிலையை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஸ்டாதர்ட் என்னும் ஓவியர் புரட்டிப் பார்த்தபோது, யார் கண்ணிலும் படாதபடி மேடையோடு ஒட்டிக் கிடந்த முதுகுப்புறத்திலும் வார்களும் கொக்கிகளும் கீல்களும் பிழையின்றி வடிக்கப்பட்டிருந்தன. அச்சிலை அணிந்திருப்பது மிலான் நகரப் பாணிக் கவசம்; அது பின்புறத்தில் எவ்வாறு கட்டப்பட்டது என்பதற்கு அச்சிலையே முதன்மையான சாட்சி. வடிவத்தை அறிய இது உதவியதென்றால், பர்கண்டிப் படையிடமிருந்து சுவிஸ் வீரர் 1476இல் கைப்பற்றிய கொடிகளுள் பெர்ன் அருங்காட்சியகத்தில் எஞ்சியவை வண்ணங்களை அறிய உதவின.

இரட்டையரான மைக்கேல் பெர்ரியும் ஆலன் பெர்ரியும் இத்துறையில் தனியிடம் பெற்றவர்கள். சிற்றுருவங்களைத் தயாரிக்கும் சிட்டடெல் நிறுவனத்தில் பல்லாண்டு உழைத்த இவர்கள், தங்கள் பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தின் வழியாக ரோஜாப் போர்களின், அதாவது 1455 முதல் 1487 வரை இங்கிலாந்தில் நடந்த அரசுரிமைப் போர்களின், வீரர்களைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டனர். 1996இல் பிரான்சில் கிரெசிப் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி வெடித்து மைக்கேல் வலக்கையை இழந்தார். அதன்பின் இடக்கையால் வடிக்கப் பழகி, அதே நுட்பத்தை மீண்டும் எட்டினார். இவர்களின் பிளாஸ்டிக் வீரர்களை உருவாக்க, உடல், கை, தலை, ஆயுதம் எனத் தனித்தனியாக ஒரு சட்டகத்தில் ஒட்டி வரும் பகுதிகளை வாங்குபவரே வெட்டியெடுத்து, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இணைக்கும் பசையால் பொருத்திக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக்கை வார்க்கும் வளையாத எஃகு அச்சு ரப்பரைவிடக் கடுமையானது. உருவத்தைத் துண்டாக்கியதாலேயே அந்தக் கடுமையைத் தாண்டி வீரன் கையை வீசி நிற்க முடிந்தது.

இம்முறை வேறெந்தக் காலத்தைவிடவும் பதினைந்தாம் நூற்றாண்டுக்கே மிகவும் பொருந்துகிறது. நெப்போலியன் காலப் படைக்கு அரசு அளித்த ஒரே சீருடை உண்டு. ரோஜாப் போர்களின் படையோ பிரபுக்களின் ஏவலர், நகரங்கள் அனுப்பிய ஆட்கள், கூலிவீரர் ஆகியோர் கூடிய திரள். மேலங்கியின் நிறமும் அதில் தைத்த பிரபுவின் சின்னமும் மட்டுமே அவர்களை ஒன்றாகக் காட்டின. ஒருவன் பாட்டன் காலத்துச் சங்கிலிச் சட்டையும், பக்கத்தில் நிற்பவன் அண்மையில் வாங்கிய சாலெட் என்னும் பிடரி நீண்ட தலைக்கவசமும் அணிந்திருக்கக்கூடும். தலைகளையும் கைகளையும் கலந்து பொருத்துபவர் அப்படை திரண்ட விதத்தையே மேசைமீது நிகழ்த்துகிறார்.

கணினியில் வடித்துப் பிசினில் அச்சிடும் இன்றைய முறையில் அச்சின் தடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஈட்டியை எத்திசையிலும் நீட்டலாம். விரல்களுக்கிடையே இடைவெளி விடலாம். வீரனின் முதுகில் எந்த வார் எந்தக் கொக்கியில் மாட்டப்பட்டது என்பதை அறிய மட்டும், சிற்பி இன்றும் வாரிக் நகரின் அந்த வெண்கலச் சிலையிடமே செல்ல வேண்டியிருக்கிறது.