சலூன் வாசலில் பிறந்த வெளிச்சம்

பாரிஸ். 1912ம் வருஷம். மோன்மார்த் பூல்வார் என்று ஒரு பெரிய வீதி. நாடகக் கொட்டகை, காபிக்கடை, சாயங்காலமானால் ஜே ஜே என்று கூட்டம். அங்கே ஒரு சலூன். இருட்டியதும் அதன் வாசலில் எழுத்துகள் ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஜொலிக்க ஆரம்பிக்கின்றன. எண்ணெய் இல்லை, திரி இல்லை, பல்புகூட இல்லை. வளைத்து வைத்த கண்ணாடிக் குழாய்தான் எழுத்து. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று எரியாமல் எரிகிறது.

நியான் போர்டு மாட்டிக்கொண்ட முதல் கடை அதுதான் என்பார்கள். இன்றைக்கு ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று எதன் நெற்றியைப் பார்த்தாலும் புடைத்துக்கொண்டு பளபளக்கிறதே எழுத்து, அந்த வம்சத்துக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு என்றால் இந்த சலூன் போர்டுதான்.

ஆனால் அதைக் கண்டுபிடித்த ஆசாமிக்கு விளம்பரத்தில் துளி ஆர்வம் கிடையாது. ஜார்ஜ் க்ளோட். 1870ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். அவருக்கு வேண்டியிருந்தது ஆக்ஸிஜன். ஆஸ்பத்திரிக்கும் வெல்டிங் பட்டறைக்கும் ஆக்ஸிஜன் விற்றால் நல்ல காசு. காற்றைக் குளிரவைத்துக் குளிரவைத்துத் திரவமாக்கினால் அதிலிருந்து ஆக்ஸிஜனைத் தனியாகப் பிரித்துவிடலாம். அதற்காக 1902ல் கூட்டாளியோடு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஏர் லிக்விட். இன்றும் உலகத்தின் பெரிய வாயு கம்பெனிகளில் ஒன்று.

ஆக்ஸிஜன் பிரிந்தது. கூடவே ஒரு தலைவலி. வேண்டாத மிச்சம் ஒன்று தங்கிக்கொண்டே இருந்தது. நியான். பத்து லட்சம் லிட்டர் காற்றில் வெறும் 18 லிட்டர்தான் இருக்கும். ஆனால் க்ளோட் காற்றைப் பிழிந்த வேகத்தில் அதுவே மூலையில் குவிய ஆரம்பித்துவிட்டது. எதுக்கும் உதவாத சரக்கு. கொட்டவும் மனசில்லை.

நியானை 1898ல் லண்டனில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ். இதில் டிராவர்ஸ் நமக்கு ரொம்பத் தூரத்து ஆளில்லை. பெங்களூரில் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிறார்களே, இந்திய அறிவியல் கழகம், அதன் முதல் இயக்குநர் அவர்தான். மின்சாரம் பாய்ச்சினால் நியான் சிவப்பாக ஒளிரும் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்து என்ன? குழாய் சீக்கிரமே கறுத்துச் செத்துப்போகும்.

ஏன் கறுக்கிறது? குழாயின் இரண்டு முனையிலும் மின்சாரம் உள்ளே போக ஓர் உலோகத்துண்டு இருக்கும். அது சூடாகித் தூள் தூளாக உதிர்ந்து கண்ணாடியில் படியும். போகிறபோக்கில் வாயுவையும் இழுத்துவைத்துக்கொள்ளும். க்ளோட் அந்தத் துண்டைப் பெரிசாக்கினார். சூடு குறைந்தது. வாயுவில் இருந்த மற்ற கசடுகளையும் கரியை வைத்து உறிஞ்சி எடுத்தார். அவ்வளவுதான். குழாய் மாசக்கணக்கில் எரிந்தது. 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் 12 மீட்டர் நீளத்துக்கு இரண்டு குழாய்களை மாட்டிக் காட்டினார்.

பார்த்தவர்கள் அசந்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. சிவப்பு வெளிச்சத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? அப்போதுதான் அவருடைய சகா ழாக் ஃபோன்செக் யோசித்தார். வீட்டுக்கு ஆகாது, சரி. கடைக்கு?

அதற்கு முன்னால் கடை எழுத்துகள் எப்படி இருந்தன தெரியுமா? தகரத்தில் எழுத்து வடிவத்தில் தொட்டி மாதிரி செய்து, உள்ளே வரிசையாக பல்பு சொருகுவார்கள். நாலு பல்பு ஃப்யூஸ் போனால் பல்லு விழுந்த கிழவி மாதிரி நிற்கும். நியான் வந்ததும் தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. பல்பைப் பிடுங்கிவிட்டு அங்கே குழாயைப் படுக்கவைத்தார்கள். தொட்டிக்கு ஓர் உபயோகம் இருந்தது. ஓர் எழுத்தின் வெளிச்சம் பக்கத்து எழுத்தின்மேல் வழியாமல் அந்தத் தகரச் சுவர் தடுக்கும். பகலில் விளக்கு அணைந்திருந்தாலும் பெயின்ட் அடித்த எழுத்து புடைப்பாகத் தெரியும். இராத்திரிக்கு ஒரு முகம், பகலுக்கு ஒரு முகம்.

குழாய் வளைப்பது கைவேலை. நெருப்பில் காட்டி, கண்ணாடி இளகுகிற நொடியில் வளைக்கவேண்டும். வளைவு சப்பிப்போகாமல் இருக்க ரப்பர் டியூபை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். அதுவும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாக மாற்றி வரைந்த எழுத்தைப் பார்த்து! இதற்கெல்லாம் மெஷின் கிடையாது.

அமெரிக்காவில் 1915ல் பேட்டன்ட் கிடைத்தது. 1920களில் ஊருக்கு ஊர் க்ளோட் நியான் கம்பெனி. பணம் கொட்டியது. 1932ல் பேட்டன்ட் காலாவதியாக, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. அப்புறம் அமெரிக்க வீதிகள் பற்றிக்கொண்டதற்குக் கேட்கவேண்டுமா?

க்ளோட் சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கடலில் போட்டார். நிஜமாகவே. கடலின் மேல்தண்ணீர் சூடு, அடித்தண்ணீர் குளிர்ச்சி. இந்த வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கிறேன் என்று 1930ல் கியூபாவில் மகா நீளமான குழாயை இறக்கினார். 22 கிலோவாட் வந்தது. அதை எடுக்கச் செலவான மின்சாரம் அதைவிட அதிகம். புயல் வந்து குழாயைக் கொண்டுபோனது. மேதாவிகளுக்கு வருகிற கஷ்டம்தான், போகட்டும்.

அடுத்து அவர் செய்ததை அப்படிப் போகட்டும் என்று விட முடியவில்லை. மனுஷனுக்கு ஜனநாயகம் என்றாலே கசப்பு. மன்னராட்சி வேண்டும் என்கிற கோஷ்டி. 1940ல் ஹிட்லரின் படை பாரிஸுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஊர் ஊராகப் போய், ஜெர்மானியர்களோடு ஒத்துழைப்போம் என்று பேசினார், எழுதினார். அவர் போர்டு மாட்டிவைத்த அதே பாரிஸ், விளக்குகளை அணைத்துக்கொண்டு ஊரடங்கில் கிடந்தது.

1944ல் கைது. விஞ்ஞான அகாதமியும் பெயரை அடித்துவிட்டது. லண்டன்மீது விழுந்த வி-1 பறக்கும் குண்டை உருவாக்க உதவினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிரசாரக் குற்றச்சாட்டு நின்றது. 1945ல் ஆயுள் தண்டனை. 1950ல் விடுதலையாகி, 1960ல் செத்துப்போனார்.

அந்தத் தகரத் தொட்டி மட்டும் இன்றும் இருக்கிறது. அலுமினியமாக, எவர்சில்வராக, முகத்தில் அக்ரிலிக் ஒட்டிக்கொண்டு. உள்ளே எல்.இ.டி. ஜப்பான்காரர்கள் நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த பிறகு வெள்ளை வெளிச்சமும் கைக்கு வந்தது. அதற்காக 2014ல் மூன்று பேருக்கு நோபல். ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டாம், 12 போதும். குழாய் ஊதுகிறவர்களுக்கு வேலை குறைந்தது. கடைகளில் இப்போது வளையும் சிலிக்கோன் பட்டை விற்கிறார்கள். உள்ளே எல்.இ.டி.தான், ஒரு சொட்டு நியான் கிடையாது. கேட்டுப் பாருங்கள், பெயர் நியான் லைட் என்பார்கள்.