மாட்பஸ் எந்த ஊர் பஸ்?

நம்ம சாலவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பேச்சில் மாட்பஸ், ப்ராஃபிபஸ் என்று அடிபடும். "அது எந்த ஊர் பஸ்ஸுப்பா?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டே விட்டார். பல மெஷின்கள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பிக்குத்தான் அங்கே பஸ் என்று பெயர்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேனல் முழுக்க ரிலேக்கள்தான். மெஷின் வேலையை மாற்றினால் கம்பி மொத்தமும் பிரித்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே தொல்லையில் 1968ல் மாற்று கேட்டது. டிக் மோர்லி குழு மோடிகான் 084 என்ற பி.எல்.சி.யைச் செய்தது. அது அவர்களுடைய 84வது வேலையாம், அதனால் அந்தப் பெயர்.

ரிலே போனது, கம்பி போகவில்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் தனி ஜோடி இழுக்க வேண்டும். 1979ல் மோடிகான் கொண்டுவந்த மாட்பஸ் இதை மாற்றியது. பின்னால் வந்த ஆர்.எஸ். 485 முறையில் இரண்டே கம்பியில் 32 கருவிகளை, 1200 மீட்டர் தூரம் வரை கோக்கலாம். பள்ளிக்கூட அட்டென்டன்ஸ் மாதிரிதான். வாத்தியார் நம்பர் கூப்பிட்டால் அந்தப் பையன் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒரே நம்பர் இருந்தால் இரண்டும் சேர்ந்து கத்தும், ஒன்றும் புரியாது. வேகம், பேரிட்டி எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

மாட்பஸ் விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டதால்தான் அது இன்றும் ஓடுகிறது என்பேன். ஜெர்மனியில் 1987ல் தொடங்கிய ப்ராஃபிபஸ் வேறு பாஷை. அதில் சேர பி.எல்.சி. பக்கத்தில் தனி மாட்யூல் மாட்டுவோம்.

இந்தப் பழைய பஸ்களில் பூட்டு கிடையாது. கம்பியில் வந்த கட்டளையை யார் அனுப்பினார்கள் என்று கருவி கேட்காது. 2010ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், இரானில் சீமென்ஸ் பி.எல்.சி.யோடு ப்ராஃபிபஸ் மாட்யூல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, யுரேனியம் செறிவூட்டும் மெஷின்களின் வேகத்தைக் குலைத்தது. கன்ட்ரோல் ரூம் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்ததாம்!

நம்ம கூடங்குளத்திலும் 2019ல் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்ததை அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முதல் நாள்தான் அப்படி எதுவும் இல்லை என்று மறுப்பு வந்திருந்தது. அது இன்டர்நெட்டில் இருந்த நிர்வாகக் கம்ப்யூட்டர். உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது.