திருக்கோணமலை கண்ட 'எரோ'



இறம்பொடை அருவியில் விழும் நீர் கொத்மலை ஓயாவோடு கூடி, மகாவலியிற் கலந்து, ஈற்றிற் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அந்தக் கடலிலே, 1782ஆம் ஆண்டில், நமக்குச் சொந்தமான துறைமுகம் ஒன்றுக்காக அந்நியர் இருவர் பொருதினர். அப்போரின் நடுவே நின்ற மரக்கலம் ஒன்றின் வரலாறே இன்றைய பேச்சு.

அதன் பெயர் 'எரோ'; வீரன் என்பது பொருள். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1778இல் நீரில் இறக்கப்பட்டது. இரு தட்டுகளில் 74 பீரங்கிகள். ஏறத்தாழ 700 பேர். தளபதி சுஃப்ரேனின் கொடி இதிலேதான் பறந்தது.

சுஃப்ரேனின் பெருங்குறை, ஒதுங்க ஒரு துறையின்மை. ஆகவே, அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் பறித்த திருக்கோணமலையை, ஓகஸ்ட் இறுதியில் அவர் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆந் திகதி ஆங்கிலக் கப்பற்படை வந்தது. பிரெஞ்சுக் கலங்கள் 14, ஆங்கிலக் கலங்கள் 12. ஆயினும் துணைக் கலங்கள் பல பின்தங்கிவிட, 'எரோ' நெருப்பின் நடுவே நின்றது. அதன் பெரும் பாய்மரம் கொடியோடு சரிந்தது. சரணடைந்ததாகப் பகைவர் எண்ணாதிருக்க, வெண்கொடிகளைக் கலமெங்கும் கட்டுமாறு சுஃப்ரேன் கூவினார் என்பர். அன்று பிரான்சின் அரச கொடி வெண்மையே. இருள்தான் போரை முடித்தது.

சில நாளில், திருக்கோணமலைக்குத் திரும்பும்போது 'ஓரியன்' என்ற மற்றொரு 74 பீரங்கிக் கலம் தரைதட்டி அழிந்தது. பகைவரின் குண்டு செய்யாததைத் தரை செய்தது. அதன் பாய்மரங்களைக் கழற்றி, மரமிழந்த கலங்களுக்கு நாட்டினர். ஒன்றின் சாவில் மற்றொன்று பிழைத்தது.

இம்மலைகளை அன்று ஆண்ட கண்டி மன்னனிடமும் அவ்வாண்டு ஆங்கிலேயர் ஹியூ போய்ட் என்பாரைத் தூதனுப்பினர். உடன்பாடு கைகூடவில்லை. திரும்பும் வழியிற் கடலில் அவர் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.

விளைந்தது என்ன? 1783இல் ஐரோப்பாவிற் சமாதானம். துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தருக்கு. 1795இல் அதுவும் ஆங்கிலேயருக்கு. 'எரோ' 1793 டிசெம்பரில், தான் பிறந்த தூலோனிலேயே தீக்கிரையானது.

தளபதிகளின் பெயர்களை ஏடுகள் காத்தன. ஆனால் அதே ஆண்டுகளில் ஹைதர் அலியின் போரினாலும் பஞ்சத்தினாலும் தமிழகச் சமவெளியில் மடிந்தோர் பெயரை எந்த ஏடு காத்தது? பின்னாளில் கோப்பிக்கும் தேயிலைக்கும் இம்மலையேறிய நம் முன்னோர் அந்தத் தமிழகத்திலிருந்தே வந்தவர்கள். கப்பலின் கதையைக் கேட்கும்போது அவர்களையும் சேர்த்துக் கேட்பதே வரலாற்றறிவு.