இஸேயின் வெண்திரை

பிற சமயத்தாரின் புனிதத் தலத்துக்குச் செல்லும் பிரயாணியின்மீது இரண்டு கடமைகள் விழுகின்றன. தன் ஈமானுக்கு மாறான வணக்கத்தை அவன் செய்தலாகாது. அங்கு வணங்குவோரின் நெஞ்சு புண்படும்படி நடத்தலுமாகாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பேணுவது இயலுமா? ஜப்பான் நாட்டு இஸே ஆலயத்தின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

ஷிந்தோ, ஜப்பானியரின் தொன்மையான மார்க்கம். அதனை நிறுவியவர் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. மலை, அருவி, முதுமரம், முன்னோர் ஆகியவற்றில் உறைவதாக நம்பப்படும் ‘காமி’களை வணங்குவதே அதன் அடிப்படை. ஆலய எல்லையில் ‘தோரி’ என்னும் தோரணவாயில் நிற்கும். உட்செல்வோர் அகப்பையால் நீர் மொண்டு கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்த பின்னரே சந்நிதியை அணுகுவர். ஒளுச் செய்து பள்ளிவாசலுள் நுழையும் நமக்கு, தூய்மையை முன்வைக்கும் இவ்வொழுக்கம் புதிதாகத் தோன்றாது.

இந்த ஆலயங்களுள் தலையாயது இஸே. அதன் உள் ஆலயம் சூரியத் தெய்வமான அமதெராசுவுக்கும், வெளி ஆலயம் உணவுத் தெய்வமான தோயோஉகேவுக்கும் உரியன. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கட்டடத்தை அடுத்துள்ள வெற்றிடத்தில் அதே அளவில், அதே வடிவில் புதிய ஆலயத்தை எழுப்பிப் பழையதைக் கலைத்துவிடுவது அங்குள்ள மரபு. கி.பி. 690இல் ஜித்தோ பேரரசியின் காலத்தில் தொடங்கிய இம்மரபு, உள்நாட்டுப் போர்களால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடைப்பட்டுப் பின்னர் புத்துயிர் பெற்றது. 62ஆவது புதுப்பிப்பு 2013இல் நிறைவேறியது, அடுத்தது 2033இல். மரம் புதிது, வடிவமோ பழையது. கல்லால் காக்க இயலாததைத் தச்சரின் கைப்பழக்கத்தால் தலைமுறைதோறும் காத்து வருகின்றனர். பேரரசர் குலத்தின் புனிதக் கண்ணாடி உள்ளே இருப்பதாக நம்புகின்றனர். அதனை எவரும் காண்பதில்லை. வாயிலில் தொங்கும் வெண்பட்டுத் திரையோடு பொதுமக்கள் நின்றுவிட வேண்டும்.

தொக்குகவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும்; சாலைதோறும் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஏழைக் குடியானவர்கள் சங்கம் கூடிக் காசு சேர்த்து, திருவுளச் சீட்டுப் போட்டுத் தம்முள் சிலரை இஸேக்கு அனுப்பினர். எஜமானரிடம் சொல்லாமலே புறப்பட்டுச் சென்ற வேலையாட்களும் பிள்ளைகளும் பலர். 1705, 1771, 1830ஆம் ஆண்டுகளில் மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். 1705இல் சில மாதங்களுக்குள் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றதாக அக்காலத்தார் எழுதிவைத்துள்ளனர். வழியிலிருந்தோர் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் வழங்கினர். இவர்களை எந்த அரசாணையும் அனுப்பவில்லை. உள்ளம் இழுத்தது, கால்கள் நடந்தன.

அந்நாளில் பௌத்தத் துறவியர் சந்நிதியை நெருங்க அனுமதியில்லை. 1684இல் அங்குச் சென்ற கவிஞர் பாஷோ துறவியல்லர். எனினும் மழித்த தலையராய் இருந்ததால் சந்நிதிக்குள் அவர் அனுமதிக்கப்படவில்லை. அதனை அவர் பூசலாக்கவில்லை. தம் பயண நூலில் குறித்துவிட்டு மேற்சென்றார்.

1868க்குப் பின் நிலை மாறிற்று. மெய்ஜி அரசு ஆலயங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அமதெராசுவின் வழித்தோன்றலே பேரரசர் என்பது அரசின் கொள்கையாயிற்று. ஆலய வணக்கம் மதமன்று, குடிமகனின் கடமை என்ற வாதமும் வலுப்பெற்றது. கல்வியமைச்சர் மோரி அரினோரி 1887இல் இஸேக்குச் சென்றபோது கைத்தடியால் அத்திரையை விலக்கிப் பார்த்தார் என்றொரு பேச்சு நாடெங்கும் பரவியது. 1889 பிப்ரவரி 11ஆம் நாள், அரசியற் சட்டம் வெளியிடப்பட்ட அதே தினத்தில், இளைஞன் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். மறுநாள் அமைச்சர் மாண்டார். அப்பேச்சு மெய்யோ பொய்யோ, ஓர் உயிரைக் குடிக்க அது போதுமாயிற்று.

அதன் பின்னர் நேர்ந்தவை இன்னும் கொடியன. 1932இல் தோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகக் கத்தோலிக்க மாணவர் சிலர் யாசுகுனி ஆலயத்தில் தலைவணங்க மறுத்ததால் அக்கல்விக்கூடமே நெருக்கடிக்குள்ளாயிற்று. கொரியாவில் ஆலய வணக்கம் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்த கிறிஸ்தவப் போதகர் சூ கி-சோல் 1944இல் சிறையில் உயிர்நீத்தார். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அங்கும் போர்க்கைதிகளின் உழைப்பால் ஓர் ஷிந்தோ ஆலயம் எழுந்தது. நம் கடற்கரை ஊர்களிலிருந்து வணிகம் நாடிச் சென்று அங்கே தங்கியிருந்தோரும் தோக்கியோ அரண்மனையின் திசைநோக்கிக் குனியும் சடங்குகளைக் கண்டனர். கிப்லாவை அன்றி வேறு திசைக்குத் தலை தாழ்த்தாத மக்களுக்கு அது எத்துணைச் சோதனை என்பதை விளக்கவும் வேண்டுமோ! 1945இல் தோல்வி நெருங்கியபோது ஜப்பானியரே அவ்வாலயத்தை அழித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் வந்த ஆணை ஆலயங்களை அரசிலிருந்து பிரித்தது. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டம், எவரையும் சமயச் சடங்கில் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என விதித்தது.

இன்று இஸேக்குச் செல்லும் பிரயாணியை வணங்கும்படி எவரும் வற்புறுத்துவதில்லை. இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவது அவர்களின் முறை. அதில் சேராமல் ஒதுங்கி நிற்கலாம். குரலைத் தாழ்த்துவதும், படம் எடுக்கலாகாது என்ற இடத்தில் கருவியை உறையிலிடுவதும், திரைக்கு இப்பால் நின்றுகொள்வதும் அதபு. அவை இபாதத்து ஆகா. இப்பாகுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனீ சமஸ்கிருதம் பயின்று இந்துக்களின் கொள்கைகளை எழுதியபோது, மறுப்பதை நோக்கமாகக் கொள்ளாமல் அவர்கள் சொல்வதை உள்ளவாறே எடுத்துரைப்பதே தம் நூலின் பணி என வகுத்துக்கொண்டார். அதனால் அவருடைய ஈமான் குறைந்துவிடவில்லை; உலகின் அறிவு வளர்ந்தது.

ஆகவே, இரு கடமைகளையும் ஒருசேரப் பேணுதல் இயலும். ஆயின் அதற்கு இரு தரப்பும் தத்தம் எல்லையில் நிற்க வேண்டும். விருந்தினன் திரையை விலக்கலாகாது. வீட்டுக்காரன் விருந்தினனின் கழுத்தை வளைக்கலாகாது. முன்னது மீறப்பட்டதென்ற சொல்லுக்கே ஓர் அமைச்சர் பலியானார். பின்னது மீறப்பட்டபோது நாடுகள் துன்புற்றன. அஞ்சிக் குனிந்த தலைகளால் எந்த ஆலயமும் பெருமை பெற்றதில்லை. ஆணையின்றி நடந்து வந்த ஏழைகளின் கால்களே இஸேயின் பெருமையை இன்றும் பேசுகின்றன.