அசாம்: இன, மத மோதல்களும் ஒப்பந்தங்களின் அரசியலும்

1978 செப்டம்பரில் மாநிலங்களின் தலைமைத் தேர்தல் அதிகாரிகள் உதகமண்டலத்தில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் பேசிய தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். ஷக்தர், வடகிழக்கு மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களில் அயல்நாட்டவர் பெயர்கள் பெருமளவில் ஏறியிருப்பதாகச் சொன்னார். நீலகிரியில் சொன்ன சொல் அசாமில் ஊர் ஊராகப் பரவியது. மறு ஆண்டு மங்கள்தோய் மக்களவை உறுப்பினர் ஹீராலால் பட்வாரி இறந்துபோக, இடைத்தேர்தலுக்காகப் பட்டியலைத் திருத்தினார்கள். ஆட்சேபங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அனைத்து அசாம் மாணவர் சங்கம் தெருவில் இறங்கியது. ஆறு ஆண்டுப் போராட்டம் அங்கே தொடங்கியது.

அசாமில் கடந்த அரை நூற்றாண்டாக இன மோதலுக்கும் மத மோதலுக்கும் அரசுகள் கையாண்ட முதன்மையான வழி ஒப்பந்தம். 1985, 1993, 2003, 2020, 2021, 2023 என்று கையெழுத்துகள் நீண்டுகொண்டே வந்திருக்கின்றன. சில ஒப்பந்தங்கள் துப்பாக்கிகளை உண்மையிலேயே மௌனமாக்கின. அந்தப் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மேசையில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பெருங்கூட்டத்தைத் திரட்டியவர்கள், அல்லது ஆயுதம் ஏந்தியவர்கள். இரண்டும் இல்லாத ஏழைக் குடியானவர் குறித்த முடிவுகளும் அதே மேசையில்தான் எடுக்கப்பட்டன. அடுத்த மோதலுக்கான விதை பலமுறை அங்கேதான் விழுந்தது.

பின்னணி

தேயிலைத் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா பகுதிகளிலிருந்து பழங்குடி மக்களைக் கொண்டுவந்தார்கள். வெள்ளம் பாயும் ஆற்றோர நிலத்தில் சணல் பயிரிடக் கிழக்கு வங்காளத்து முஸ்லிம் விவசாயிகள் வந்தார்கள். அலுவலகங்களில் எழுத்தர் வேலைக்கு வங்காளி இந்துக்கள். இந்தக் குடியேற்றம் நிலத்தைச் சுருக்குகிறது என்ற அச்சம் எழுந்தபோது, 1920-இல் நாகாவ் மாவட்டத்தில் ‘கோட்டு முறை’ வந்தது. குடியேறியவர் இந்தக் கோட்டுக்கு அப்பால் நிலம் வாங்கக்கூடாது என்று வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். வருவாய் ஆசையில் அந்தக் கோடுகளை மீறவும் நிர்வாகமே இடம் கொடுத்தது. கோடு போட்டுச் சிக்கலைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் நாடு விடுதலை அடைந்த பிறகும் போகவில்லை.

அசாமிய மக்களின் அச்சத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்குவது நியாயமல்ல. சிறிய மொழி, சுருங்கும் நிலம், பக்கத்தில் பெரிய மொழி, பிரிவினையும் 1971 போரும் தள்ளிவிட்ட அகதிகள் என எல்லாமே மெய். ஆனால் 1960-இல் அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழியாக்கிய சட்டம், வங்காள மொழி பேசும் பராக் பள்ளத்தாக்கைக் காயப்படுத்தியது. 1961 மே 19 அன்று சில்சர் ரயில் நிலையத்தில் காவல்துறை சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அந்தப் பகுதியில் வங்காள மொழிக்கு இடம் தந்து சட்டம் திருத்தப்பட்டது.

நெல்லி, 1983

1983 பிப்ரவரியில் மாணவர் இயக்கத்தின் புறக்கணிப்பையும் மீறிச் சட்டமன்றத் தேர்தலை நடத்துவது என்று இந்திரா காந்தி அரசு தீர்மானித்தது. பட்டியலைத் திருத்தாமல் தேர்தல் கூடாது என்றது இயக்கம். வாக்களிக்கப் போகிறவர்கள் யார், போகாதவர்கள் யார் என்பதே ஊருக்குள் எல்லைக்கோடாக மாறியது.

பிப்ரவரி 15 அன்று நாகாவ் காவல் நிலையத்திலிருந்து ஒரு வயர்லெஸ் செய்தி போனது. சுற்றியுள்ள ஊர்களின் ஆட்கள் ஆயுதங்களோடு நெல்லியில் திரண்டிருப்பதாகவும் சிறுபான்மையினர் பீதியில் இருப்பதாகவும் அதில் எச்சரிக்கை இருந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 18 காலை, கிராமங்களைச் சூழ்ந்து தாக்குதல் தொடங்கியது. சுமார் ஆறு மணி நேரம். வங்காள வம்சாவளி முஸ்லிம் விவசாயிகள் வாழ்ந்த 14 கிராமங்கள் எரிந்தன. தாக்கியவர்களில் திவா பழங்குடியினரும் அக்கம்பக்கத்து அசாமிய ஊராரும் இருந்தார்கள். இறந்தவர்களில் பெரும் பகுதியினர் ஓட முடியாத பெண்களும் குழந்தைகளுமே. அரசுத் தரப்புக் கணக்குகளே 1,800-க்கும் 2,200-க்கும் இடையில் நிற்கின்றன. தப்பியவர்கள் சொல்லும் எண்ணிக்கை இன்னும் அதிகம்.

இதற்கு அரசு என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வழக்குகள் பதிவாயின. சுமார் 300 வழக்குகளில் குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. 1985 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை கைவிடப்பட்டன. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வன்முறையை விசாரித்த திவாரி ஆணையம் 1984-இல் கொடுத்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. இறந்தவர் ஒருவருக்கு 5,000 ரூபாய், வீடு கட்ட சில தகரத் தகடுகள் என்று நிவாரணம் முடிந்தது. போராட்டக் காலத்தில் உயிர்நீத்த 855 தியாகிகளின் குடும்பங்களுக்கு 2016-இல் மாநில அரசு தலா 5 லட்சம் ரூபாய் வழங்கியது. அந்தக் குடும்பங்களின் துயரமும் துயரம்தான். ஆனால் ஒரே காலத்தில் ஒரே மாநிலத்தில் சிந்திய இரத்தத்துக்கு இரண்டு விலை இருந்தது என்பதை நெல்லியில் எஞ்சியவர்கள் மறக்கவில்லை.

அசாம் ஒப்பந்தம்

1985 ஆகஸ்ட் 15 அதிகாலையில் கையெழுத்தான அசாம் ஒப்பந்தத்தை, அன்று காலையே ராஜீவ் காந்தி செங்கோட்டைக் கொத்தளத்திலிருந்து நாட்டுக்கு அறிவித்தார். போராட்டத் தரப்பில் பிரபுல்ல குமார் மகந்தாவும் பிருகு குமார் புகனும் முன்னின்றார்கள். 1966 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்கள் குடிமக்கள். அதற்கும் 1971 மார்ச் 24-க்கும் இடையில் வந்தவர்கள் பத்து ஆண்டு வாக்குரிமை இழந்து பிறகு பெறுவார்கள். அதன் பின் வந்தவர்கள், எந்த மதத்தவராயினும், வெளியேற்றப்பட வேண்டும் என்பது சாரம். இதற்காகக் குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்ந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பிரிவை உறுதிசெய்தது.

1985 அக்டோபரில் அசாம் கண பரிஷத் என்ற கட்சி பிறந்தது, டிசம்பர் தேர்தலில் வென்றது. மாணவர் விடுதியிலிருந்து நேராக முதலமைச்சர் நாற்காலிக்குப் போனார் மகந்தா. தெருப் போராட்டத்தை வாக்குச் சீட்டுக்குத் திருப்பியதில் ஒப்பந்தம் வென்றது. அயல்நாட்டவரைக் கண்டறிவதில் அது நகரவே இல்லை. 1983-இல் வந்த சட்டவிரோதக் குடியேறிகள் தீர்ப்பாயச் சட்டத்தில், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரிடம் இருந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதோடு பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏறியது. நான் இந்த நாட்டுக்காரன் என்று அவரே காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும்.

போடோ நிலம்

அசாமிய இயக்கம் அசாமியர் அடையாளத்துக்காகப் போராடியபோது, அதே மண்ணின் போடோக்கள் தங்கள் அடையாளத்தை எண்ணிப் பார்த்தார்கள். 1987-இல் அனைத்து போடோ மாணவர் சங்கம் உபேந்திரநாத் பிரம்மாவின் தலைமையில் அசாமைச் சரிபாதியாகப் பிரி என்ற முழக்கத்தோடு எழுந்தது. 1993 பிப்ரவரி 20 ஒப்பந்தம் ஒரு தன்னாட்சிக் குழுவைத் தந்தது, எல்லையை மட்டும் முடிவு செய்யாமல் விட்டது. போடோக்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வாழும் கிராமங்கள் சேரும், தொடர்ச்சிக்காகச் சில கிராமங்களும் சேரும் என்று சொல்லிவிட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. 515 கிராமங்கள் மீது வழக்கு வந்தது. போடோக்கள் அங்கே போதிய எண்ணிக்கையில் இல்லை என்றது மாநில அரசு.

இங்கேதான் எண்ணிக்கை உயிருக்கு ஆபத்தானது. பாதிக்குமேல் ஆள் இருந்தால் ஊர் நம்முடையது என்று அரசே ஒரு விதி எழுதிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் போய்விட்டால் ஊர் நம்முடையதாகும் என்ற கணக்கைத் தீவிரவாதக் குழுக்கள் போட நெடுநேரம் ஆகாது. 1993-இல் முஸ்லிம்கள் மீது தாக்குதல். 1994-இல் பர்பேட்டா மாவட்டத்தின் பன்ஸ்பாரி நிவாரண முகாமில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீதே தாக்குதல். 1996-இலும் 1998-இலும் சந்தால்களும் பிற ஆதிவாசிகளும் வீடிழந்தார்கள். அவர்களில் பலர் முகாமிலேயே பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள்.

2003 பிப்ரவரி 10 ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையின் கீழ் போடோலாந்து பிராந்தியக் குழு, கோக்ராஜார், சிராங், பக்சா, உதால்குரி என நான்கு மாவட்டங்கள், 46 உறுப்பினர்கள். அதே ஆண்டு போடோ மொழி எட்டாம் அட்டவணையில் ஏறியது. டிசம்பரில் 2,641 போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அவர்களின் தலைவர் ஹக்ராமா மொஹிலாரி பிராந்தியக் குழுவின் தலைவரானார். ஆனால் 46 இடங்களில் 30 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. மக்கள்தொகையிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தார்கள். ஆயுதக் குழுக்கள் அனைத்தும் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை என்ற புகாரும் ஓயவில்லை.

2012 ஜூலையில் மறுபடியும் தீ. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள், போடோக்களும் முஸ்லிம்களுமாக 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு ஓடினார்கள். இதன் அலை தெற்கு வரை எட்டியது. பழிவாங்கல் நடக்கப்போகிறது என்ற வதந்தி குறுஞ்செய்திகளில் பரவியபோது, பெங்களூருவிலும் சென்னையிலும் உணவகங்களிலும் காவலாளி வேலையிலும் அழகு நிலையங்களிலும் இருந்த வடகிழக்கு இளைஞர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் போனார்கள். ரயில்வே சிறப்பு ரயில்கள் விட்டது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு சில நாள் தடுத்து, ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது.

கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட பிறருக்கும் வாக்குச் சீட்டு இருந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் போடோ அல்லாத வாக்குகள் ஒன்றுதிரண்டு, தனி அசாம் கேட்டு ஆயுதம் ஏந்திய உல்ஃபா அமைப்பின் முன்னாள் உறுப்பினரான நவ குமார் சரணியாவைச் சுயேச்சையாக கோக்ராஜாரில் வெற்றிபெற வைத்தன. பெருத்த வாக்கு வித்தியாசம். 2019-இலும் அவரே. துப்பாக்கியால் வந்த ஒப்பந்தத்துக்கு ஜனநாயக வழியில் வந்த மறுமொழி அது.

2020 ஜனவரி 27-இல் மூன்றாம் ஒப்பந்தம். குழுவின் ஆட்சிப் பகுதி போடோலாந்து பிராந்தியம் என்று பெயர் மாறியது, இடங்கள் 60 வரை உயரலாம், மூன்று ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய், எல்லையை ஆராய ஓர் ஆணையம். 1,615 போராளிகள் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பெரிய கொலைத் தாண்டவம் எதுவும் நிகழவில்லை. 2025 தேர்தலில் ஆட்சியும் அமைதியாகக் கைமாறியது. கார்பி, திமாசா குழுக்களுடனும், 2023 டிசம்பரில் உல்ஃபாவின் பேச்சுவார்த்தைப் பிரிவுடனும் உடன்பாடுகள் தொடர்ந்தன. இன்னொரு பக்கம், அஹோம், கோச் ராஜ்போங்ஷி, தேயிலைத் தொழிலாளர் உள்ளிட்ட ஆறு சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் தங்களையும் சேர்க்கக் கேட்டபடி நிற்கின்றன. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்கள் எதிர்க்கிறார்கள்.

பதிவேடும் குடியுரிமைத் திருத்தமும்

உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் தேசியக் குடிமக்கள் பதிவேடு திருத்தப்பட்டது. 1951 பதிவேட்டிலோ 1971 வரையிலான வாக்காளர் பட்டியலிலோ பெற்றோர் அல்லது பாட்டன் பெயரைக் காட்டி, அவரோடு தனக்கு உள்ள உறவையும் ஆவணத்தால் நிறுவ வேண்டும். ஆண்டுதோறும் கரை அரிக்கும் சர் என்னும் மணல்தீவுகளில் வாழ்பவர்கள், வீட்டோடு காகிதத்தையும் ஆற்றில் இழந்தவர்கள். தப்பியதைத் தகரப் பெட்டியில் பாலித்தீன் சுற்றிப் பத்திரப்படுத்தி, சேவை மையத்து வாசலில் வரிசையில் நின்றார்கள்.

பெண்கள் பட்ட பாடு தனி. பள்ளிச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. மணம் முடித்து ஊர் மாறியவருக்குக் கைவசம் இருந்தது கிராமப் பஞ்சாயத்துச் செயலர் தந்த சான்று மட்டும். அதுவும் செல்லுமா செல்லாதா என்பது 2017 டிசம்பர் வரை நீதிமன்றத்தில் தொங்கியது. வங்காள வம்சாவளி முஸ்லிம் பெண் கன்னியாக இருக்கையில் காத்தூன், மணமானால் பீபி, கணவர் இறந்தால் பேவா. குடியுரிமையை விசாரிக்கும் அயல்நாட்டவர் தீர்ப்பாயத்தில் ஒருவரே மூன்று ஆட்களாகத் தெரிந்தார்.

2019 ஆகஸ்ட் 31-இல் வந்த இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். வங்காளி இந்துக்களும் அதில் ஏராளம் என்று தெரிந்ததும் அரசியல் தலைகீழானது. பட்டியலைக் கேட்டவர்களே அதை ஏற்க மறுத்தார்கள். எண்ணிக்கை குறைவு என்றது ஒரு தரப்பு, தவறானவர்கள் மாட்டினார்கள் என்றது மறு தரப்பு. டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. சில அண்டை நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவருக்கு 2014 இறுதி வரை கதவைத் திறந்த அந்தச் சட்டம், எந்த மதமாயினும் 1971 என்ற அசாம் ஒப்பந்த வாக்குறுதியை மீறியதாகக் குவாஹாட்டியில் ஊரடங்கையும் மீறிக் கூட்டம் கூடியது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மதத்தைக் குடியுரிமைக்கு அளவுகோலாக்குவதை எதிர்த்து நாட்டின் பிற பகுதிகள் எழுந்தன. தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: பல பத்தாண்டுகளாக முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அதில் ஏன் இடமில்லை? ஒரே சட்டத்தை மூன்று ஊர்கள் மூன்று காரணத்துக்காக எதிர்த்தன.

விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்ய 120 நாள் என்று அறிவித்தார்கள். அந்த நாள்களை எண்ணத் தொடங்க முதலில் நிராகரிப்புச் சீட்டு கைக்கு வர வேண்டும். பல ஆண்டுகள் கடந்தும் சீட்டு வரவில்லை. இதற்கிடையே, பதிவேட்டு விசாரணையின்போது கைரேகையும் கண்விழிப் பதிவும் கொடுத்த சுமார் 27 லட்சம் பேரின் விவரங்கள் முடக்கப்பட்டன. பட்டியலில் பெயர் இருந்தவர்களும் அதில் அடக்கம். ஆதார் கிடைக்காமல் ரேஷன் கடையிலும் கல்லூரியிலும் அவர்கள் திண்டாடினார்கள். 2024 ஆகஸ்டில் சுமார் 9.35 லட்சம் பேருக்கு முடக்கம் நீங்கும் என்று முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா அறிவித்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.