வெட்டிய கால்வாயும் கட்டிய ஏரியும்

பள்ளி நிலப்படத்தில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இணையும் ஒடுங்கிய இடத்தைச் சுட்டி, "இங்கே நிலத்தை வெட்டி இரு பெருங்கடல்களை ஒன்றாக்கினார்கள்" என்று ஆசிரியர் சொல்லிக்கொடுப்பது வழக்கம். யானும் அவ்வாறே கற்றேன். பனாமாக் கால்வாயின் வரலாற்றைப் பின்னாளில் பயின்றபோதுதான் அந்த வாக்கியம் பிழையுடையது என்பது புலனாயிற்று. பனாமாவில் அட்லாண்டிக் நீரும் பசிபிக் நீரும் கலப்பதில்லை. கடலிலிருந்து வரும் கப்பல் ஏறத்தாழ 26 மீட்டர் உயரம் ஏறி, மலைகளிடையே தேங்கிய ஒரு நன்னீர் ஏரியைக் கடந்து, மறுபுறம் மீண்டும் கடலுக்கு இறங்குகிறது. கால்வாய் என்று நாம் அழைப்பதன் பெரும்பகுதி ஓர் ஏரியே ஆகும். இவ்வெளிய உண்மையை அறிஞரும் ஆட்சியாளரும் ஏற்றுக்கொள்வதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பல்லாயிரம் உயிர்கள் மடிந்தன.

1879ஆம் ஆண்டு மே மாதம் பாரிசு நகரில் ஓர் அனைத்துலக மாநாடு கூடியது. அதன் தலைவராக விளங்கியவர் பெர்டினான் தெ லெசெப்ஸ். 1869இல் சூயஸ் கால்வாயைத் திறந்துவைத்துப் பெரும்புகழ் எய்தியவர். அவர் பொறியாளர் அல்லர், தூதராகப் பணியாற்றியவர். ஊக்கத்தாலும் பேச்சாற்றலாலும் பணந்திரட்டும் திறத்தாலும் சூயசை முடித்தவர். சூயஸ் சமநிலம், மழை அரிதான மணற்பரப்பு. ஆதலின் அங்குக் கடல்மட்டத்திலேயே வெட்டிச் செல்ல முடிந்தது. பனாமாவிலும் அவ்வாறே செய்யலாம் என அவர் உறுதியாக நம்பினார்.

அம்மாநாட்டில் கோடின் தெ லெப்பினே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வேறொரு திட்டத்தை முன்வைத்தார். பனாமாவில் சாக்ரெஸ் என்றோர் ஆறு உண்டு. மழைக்காலத்தில் ஒரே இரவில் பல மீட்டர் உயரும் காட்டாறு அது. கால்வாய் செல்லவேண்டிய வழியிலேயே பாய்வது. கடல்மட்டத்திற்கு வெட்டினால் அவ்வாறு அருவியெனக் கால்வாயில் வந்து விழும். அதனைப் பகையாகக் கருதாமல் அணையிட்டு ஏரியாக்குக. கதவிட்ட மதகுத் தொட்டிகளால் கப்பல்களை அவ்வேரிக்கு ஏற்றி இறக்குக என்றார் அவர். ஏரியும் மதகும் கலிங்கும் அறிந்த நம் நாட்டு உழவர்க்கு இக்கருத்து உடனே விளங்கியிருக்கும். மாநாட்டிற்கு விளங்கவில்லை. கடல்மட்டக் கால்வாயை 74 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் 8 பேர். லெப்பினே அந்த எண்மருள் ஒருவர். மாநாட்டின் பெரும்பான்மை சாக்ரெஸ் ஆற்றைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

1881இல் பிரெஞ்சுக் குழுமம் பணியைத் தொடங்கியது. குலெப்ரா என்னும் மலைப்பகுதியில் களிமண் சரிந்துகொண்டே இருந்தது. ஆழம் கூடக்கூடக் கரைகளைச் சாய்வாக அகற்றவேண்டியிருந்தது. எனவே வெட்டவேண்டிய மண்ணின் அளவும் வளர்ந்துகொண்டே சென்றது. அதனினும் கொடியன மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும். கொசுவே இந்நோய்களைப் பரப்புகிறது என்பது அன்று நிறுவப்படவில்லை. எறும்பு ஏறாதிருக்க மருத்துவமனைக் கட்டில்களின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினார்கள். அந்நீரிலேயே கொசுக்கள் பெருகின. குணமடைய வந்தவர்கள் படுத்த இடத்திலேயே நோய்க்கு ஆளாயினர். பிரெஞ்சுக் காலத்தில் இறந்தோர் ஏறத்தாழ 20,000 பேர் என மதிப்பிடுவர். 1887இல் லெசெப்ஸ் மதகுத் தொட்டித் திட்டத்திற்கு ஒருவாறு இணங்கினார். அத்தொட்டிகளை அமைக்கும் பொறுப்பு ஈபிள் கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஈபிளிடம் தரப்பட்டது. காலம் கடந்துவிட்டது. 1889இல் குழுமம் கலைக்கப்பட்டது. தம் சேமிப்பை அதில் இட்ட பல லட்சம் பிரெஞ்சுக் குடும்பங்கள் நட்டமுற்றன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையூட்டுப் பெற்ற செய்தி வெளிப்பட்டு, பிரெஞ்சு அரசியலையே உலுக்கியது.

அடுத்து வந்தது அமெரிக்கா. அந்நாட்டு மேலவையில் பலர் நிகராகுவா வழியையே விரும்பினர். பிரெஞ்சுக் குழுமத்தின் முன்னாள் பொறியாளரான பூனோ-வாரில்லா பனாமாவுக்காக அயராது வாதாடினார். பழைய குழுமத்தின் உரிமைகளை ஏற்றிருந்த புதிய குழுமத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. 1902 மே மாதம் மார்த்தினிக் தீவில் எரிமலை வெடித்துப் பெருநகர் ஒன்று அழிந்தது. நிகராகுவாவின் அஞ்சல் தலை ஒன்றில் புகையும் எரிமலைப் படம் இருந்தது. பூனோ-வாரில்லா அத்தலைகளைத் தேடி வாங்கி மேலவை உறுப்பினர்களுக்கு அனுப்பிவைத்தார். அவ்வாண்டே பனாமா வழி ஏற்கப்பட்டது.

அப்போது பனாமா கொலம்பியாவின் ஒரு பகுதி. அமெரிக்கா முன்வைத்த ஒப்பந்தத்தை 1903 ஆகஸ்டில் கொலம்பிய மேலவை தள்ளிற்று. நவம்பர் 3ஆம் நாள் பனாமா தனிநாடாகத் தன்னை அறிவித்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் அருகே நின்றது. நவம்பர் 18ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, பத்து மைல் அகல நிலப்பகுதியை என்றென்றைக்குமாக அமெரிக்காவின் ஆளுகையில் வைத்தது. பனாமாவின் சார்பில் ஒப்பமிட்டவர் பிரெஞ்சுக்காரரான பூனோ-வாரில்லாவே. பனாமாவின் தூதுக்குழு வாஷிங்டன் சேர்வதற்குச் சில மணி நேரம் முன்னரே யாவும் முடிந்துவிட்டன. தம் நாட்டின் நடுவே வரையப்பட்ட எல்லைக்கு அந்நாட்டார் ஒருவரும் கையொப்பமிடவில்லை.

1905இல் தலைமைப் பொறியாளராக வந்த ஜான் ஸ்டீவன்ஸ் வெட்டும் பணியை நிறுத்தினார். முதலில் குடிநீர், வடிகால், வீடு, இருப்புப்பாதை என்றார். மருத்துவர் வில்லியம் கார்கஸ் தேங்குநீரைத் தேடித்தேடி அழித்தார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல், நம் நாட்டுச் செகந்திராபாத்தில். மஞ்சள் காய்ச்சலுக்கும் கொசுவே காரணம் எனக் கூபாவின் கார்லோஸ் பின்லே 1881லேயே கூறியிருந்தார். 1900இல் அது மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வறிவின் பயனாக 1905 இறுதியில் பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. எனினும் ஆலோசனைப் பொறியாளர் குழுவில் எண்மர் கடல்மட்டக் கால்வாயையே மீண்டும் வேண்டினர், ஐவரே மாறுபட்டனர். சாக்ரெசின் வெள்ளத்தை நேரில் கண்ட ஸ்டீவன்ஸ் அச்சிறுபான்மையின் பக்கம் நின்று வாதாடினார். 1906 ஜூனில் அமெரிக்க மேலவை 36க்கு 31 என்ற வாக்குகளில் ஏரித் திட்டத்தை ஏற்றது. 27 ஆண்டுகளுக்குமுன் லெப்பினே சொன்னது ஐந்து வாக்கு வேறுபாட்டில் வென்றது.

காட்டூன் என்னுமிடத்தில் சாக்ரெசுக்குக் குறுக்கே மண்ணணை எழுந்தது. ஏறத்தாழ 425 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நீர் நிறைந்தது. மதகுத் தொட்டிகளை நிரப்ப எந்திர இறைப்பு வேண்டியதில்லை; மேலிருந்து கீழே ஓடும் நீரின் இயல்பே கப்பலை ஏற்றுகிறது, இறக்குகிறது. 1914 ஆகஸ்டு 15ஆம் நாள் ஆங்கான் என்னும் கப்பல் முறைப்படி முதலாவதாகக் கடந்தது.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பார்பேடோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தார். வெள்ளை அமெரிக்கருக்குத் தங்கப் பட்டியல், அவர்களுக்கு வெள்ளிப் பட்டியல் என ஊதியம், உறைவிடம், உணவுக்கூடம் யாவும் பிரிக்கப்பட்டன. அமெரிக்கக் காலத்தில் பதிவான சாவுகள் 5,609. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெள்ளிப் பட்டியலைச் சார்ந்தவை. ஏரி எழுந்தபோது சாக்ரெஸ் கரை ஊர்கள் நீரில் அமிழ்ந்தன. 1912இல் பிறந்த ஆணையொன்றால் கால்வாய்ப் பகுதியில் வாழ்ந்த மக்கள் பலர் வெளியேற்றப்பட்டனர்.

1964 ஜனவரியில் தம் நாட்டுக் கொடியை அங்கு ஏற்ற முயன்ற மாணவர்களைத் தொடர்ந்து கலகம் மூண்டு, இருபதுக்கும் மேற்பட்ட பனாமாக்காரர் மாண்டனர். 1977இல் டொரிஹோஸ்-கார்ட்டர் உடன்படிக்கை உருவாயிற்று. 1999 டிசம்பர் 31 நண்பகலில் கால்வாய் பனாமாவின் கைக்கு வந்தது. "என்றென்றைக்கும்" என்று எழுதிய சொல் நூறாண்டுக்கும் நிற்கவில்லை.

ஆற்றோடு செய்துகொண்ட உடன்பாடோ இன்றும் நிற்கிறது. பழைய மதகுகளில் ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் சேர்கிறது. 2016இல் திறந்த பெரிய மதகுகள் நீரின் ஒரு பகுதியைத் தேக்கி மீளப் பயன்படுத்துகின்றன. பனாமா நகரும் கோலோன் நகரும் குடிக்கும் நீர் இவ்வாற்றின் நீரே. 2023இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 அளவில் சென்ற கப்பல்களை 24 அளவுக்குக் குறைக்க நேர்ந்தது. மாரி பொய்த்தால் கடைமடைக்கு நீர் எட்டாது என்பதை நம் ஊரார் அறிவர். அங்கே கடைமடையில் உலக வாணிபம் காத்துக் கிடந்தது.

இனி வகுப்பில் அந்நிலப்படத்தை விரிக்கும் ஆசிரியர் அச்சிறு கோட்டைக் காட்டும்போது, அதன் நடுவிலுள்ள ஏரியையும் சாக்ரெஸ் என்னும் ஆற்றின் பெயரையும் சேர்த்துச் சொல்வாராக. வெள்ளிப் பட்டியலில் பெயர் எழுதப்பெற்று அம்மண்ணிலேயே மறைந்தோரையும் ஒரு சொல்லால் நினைவுகூர்வாராக.