நடப்புக் கூலி

ஒரு வட்டாரத்தில் ஒரு வேலைக்குப் பரவலாகக் கொடுபடும் சம்பளம். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ‘பிரிவெய்லிங் வேஜ்’ என்று பெயர். ‘பிரிவெய்ல்’ லத்தீன் வழிச் சொல்: ‘பிரே’ முன் அல்லது மேல், ‘வலேரே’ வலுத்திருத்தல். அதாவது, மற்றவற்றை விஞ்சி நிற்கும் கூலி.

எத்தனை பேர் வாங்கினால் விஞ்சியதாகக் கணக்கு? சண்டையெல்லாம் அங்கேதான். 1931-இல் வந்த டேவிஸ்-பேக்கன் சட்டம், கூட்டரசின் கட்டுமான வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர் உள்ளூர் நடப்புக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றது. வெளியூர் ஆட்களை மலிவாக இறக்கி டெண்டரைத் தட்டிக்கொண்டு போனவர்களுக்கு வைத்த கடிவாளம் அது. ஆனால் நடப்பு எது என்பதைத் தொழிலாளர் துறையிடம் விட்டுவிட்டது.

பாதிக்கு மேற்பட்டோர் ஒரே தொகை வாங்கினால் பிரச்சினையில்லை. இல்லையென்றால் குறைந்தது 30 சதவீதம் பேர் வாங்குவதே நடப்பு என்பது பழைய விதி. அதிபர் ரீகன் காலத்தில் அதை எடுத்துவிட்டுச் சராசரியைப் பிடித்தார்கள். 2023-இல் 30 சதவீதம் திரும்பி வந்தது. பத்துக் கொத்தனாரில் நாலு பேருக்கு மணிக்கு 40 டாலர், மீதி ஆறு பேருக்கு ஆளுக்கொரு தொகை என்றால், 40தான் நடப்பு. சங்கத்து ஆட்கள் சென்ட் பிசகாமல் ஒரே கூலி வாங்குகிறவர்கள். இந்த விதியை அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.